ஒரு வாளித் தண்ணீர், இரண்டு பஸ்

சோலைராஜ் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பது ஊருக்கெல்லாம் உள்ள வழக்கம். அவர் தர்பூசணியைத் தட்டுவார், மண்பானையைத் தட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரையும் போகிற போக்கில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "மணல் கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். சுவருக்குச் சொந்தக்காரர் பிறகு ஒரு மாதம் இவரைப் பார்த்தால் சிரிக்கமாட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையின் லேபில் முப்பது வருட வேலை. சிமெண்டையும் மணலையும் குழைத்துச் சின்னச் சின்ன க்யூபுகளாக வார்ப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று எடுத்து மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. இதையே செய்து செய்து, இருபத்தெட்டு நாள் ஆகாமல் எதையும் நம்பக்கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணமான புதிதில், "பொண்ணு எப்படிப்பா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் சிரிப்புதான் பதில். இருபத்தெட்டாம் நாள் காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, பரிபூரணத்தின் முகத்தைப் பார்த்து, "பரவால்ல, பிடிப்பு வந்துருச்சு" என்றார். அந்தக் கதையைப் பரிபூரணம் இன்றைக்கும் சர்ச்சுப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த மே மாதம் ஒரு சோதனை வந்தது. மகளுக்கு வீடு பார்க்கவேண்டும்.

மகள் ஷெரின், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் பயோடெக் முதல் வருடம் முடித்திருந்தாள். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் பூராவும் ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில்தான் போய்வந்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு ராஜபாளையம் வண்டி, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி, அதற்குப் பிறகு காலேஜ் பஸ். சாயங்காலம் இதே கதை தலைகீழாக. மார்ச் மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ராஜபாளையம் வழியாகப் போகும் தென்காசி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ராஜபாளையம் போயிற்று, சேத்தூர் போயிற்று, சிவகிரியில் கண்டக்டர் வந்து எழுப்பியபோதுதான் கண் விழித்தாள். "பிள்ள அசந்து தூங்குச்சு, எழுப்ப மனசு வரலம்மா" என்று கண்டக்டர் போனில் சொன்னதும் பரிபூரணத்துக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பாதிக் கோபம் கண்டக்டர் மேல், மீதி சோலைராஜ் மேல். தான் என்ன செய்தோம் என்று சோலைராஜுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அன்றைக்கே முடிவாயிற்று. ஒத்திக்கு ஒரு வீடு எடுப்பது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகை என்ற பேச்சே கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடும். பரிபூரணமும் மகளும் அங்கே இருப்பது. பரிபூரணம் வீட்டில் நைட்டி தைப்பவள், தையல் மெஷின் எந்த ஊரிலும் ஓடும். சோலைராஜ் ஆலங்குளம் குவார்ட்டர்ஸிலேயே இருந்து வேலைக்குப் போவது. ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

வீட்டு புரோக்கர் பாண்டி வாட்ஸ்அப்பில் இரண்டு வீடுகளைப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்று ராஜபாளையத்தில், மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட். லிஃப்ட் உண்டு, வாட்ச்மேன் உண்டு. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனிவீடு. சுற்றுச்சுவர், கேட், மொட்டைமாடி, பின்னால் துவைக்கிற கல். இரண்டுக்கும் ஒத்தித் தொகை ஒன்றேதான். ஆகவே காசைப் பற்றி இந்தக் கதையில் இனிப் பேச்சில்லை.

பேச்செல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான்.

ராஜபாளையம் என்றால் ஆலங்குளத்திலிருந்து ஒரே பஸ். மடவார் வளாகம் என்றால் இரண்டு. அந்த இரண்டாவது பஸ்ஸில்தான் சோலைராஜின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு வருடத்தில் அவர் பரிபூரணம் இல்லாத வீட்டில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சோறு பொங்கத் தெரியாமல் இல்லை. அது பெரிய காரியமும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு ஏழாம் நாள் க்யூபு முப்பத்தொம்பது தாங்கிருச்சு" என்பார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் பரிபூரணம், "அப்படியா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த "அப்படியா" காதில் விழுந்தால்தான் அன்றைய பொழுது அவருக்கு அடையும். இனிமேல் அதை யார் சொல்வார்கள்?

இதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை, 'உங்களை விட்டு இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? டி.வி.எஸ். வண்டியில் போய்வரலாமே என்றால், போன வருடம் வேகத்தடையில் விழுந்து முழங்கையில் தையல் போட்டதிலிருந்து ஊர் எல்லையைத் தாண்ட வண்டிக்குத் தடை. தடை போட்டவள் பரிபூரணம். அப்பீல் கிடையாது.

சோதனை செய்து பழகிய புத்தி சும்மா இருக்குமா? வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, காலை ஷிப்ட் முடிந்த நான்கு நாள் சாயங்காலம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போய்வந்தார். எது எத்தனை மணிக்கு எடுக்கிறான், எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று சட்டைப்பையில் இருந்த துண்டுத்தாளில் குறித்தார். மூன்று நாள் ஒரு வண்டியை விட்டு இறங்கியதும் அடுத்த வண்டி தயாராக நின்றது. நான்காம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி தேர்த்திருவிழாக் கூட்டம் போலத் திணறித் திணறி வந்துசேர, ஆலங்குளம் கடைசி வண்டி அவர் கண் முன்னாலேயே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியேறியது. ஓடிப்போய்ப் பின்கதவைத் தட்டி ஏறினார். மூச்சு வாங்கியது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். ஃப்ளாட்தான்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மூவரும் கிளம்பிப் போனார்கள்.

முதலில் ஃப்ளாட். லிஃப்டுக்குள் கண்ணாடி இருந்தது. ஷெரின் அதில் முடியைச் சரிசெய்துகொண்டாள். பால்கனியில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. "ஜூன் மாசம் சாரல் அடிச்சா இங்க ஏசியே வேண்டாம் அண்ணாச்சி" என்றான் பாண்டி. ஃப்ளாட்டின் சொந்தக்காரர் சென்னையில். பாண்டி அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"எத்தனை பேர் தங்குவீங்க? தண்ணிக்கு அசோசியேஷன்ல தலைக்கணக்கு கேப்பாங்க" என்றது போன்.

"ரெண்டு பேருங்க. நானும் மகளும்" என்றாள் பரிபூரணம்.

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். இருந்தாலும் சோலைராஜுக்குச் சுருக்கென்றது. இருபத்து நான்கு வருடமாக ரேஷன் கடையிலும் சர்ச்சுப் பதிவிலும் இருந்த கணக்கிலிருந்து தன்னை ஒரே மூச்சில் கழித்துவிட்டாளே என்று பட்டது. சுவரைத் தட்டப் போய்விட்டார்.

சுவர் நன்றாகத்தான் சத்தம் கொடுத்தது. குவார்ட்டர்ஸ் சாவியை எடுத்து மூலையில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஒரு கீறு கீறினார். சுண்ணப்பொடி உதிரவில்லை. பாத்ரூமுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்யப் போறீய?" என்று பதறினான் பாண்டி.

"வாட்டம் பாக்கணும்லா. தளத்துல தண்ணி எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாக்காம எவனாவது வீடு எடுப்பானா?"

சொல்லிக்கொண்டே வாளியைச் சாய்த்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் தண்ணீர் பால்கனிப் பக்கம் உள்ள ஓட்டைக்குப் போகவேண்டும். அது ஹால் நடுவில் செத்த நேரம் நின்றது. பிறகு ஒரு முடிவுக்கு வந்து வாசலைப் பார்த்துப் புறப்பட்டது. நிலைப்படி என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. அதைத் தாண்டி, லிஃப்ட் முன்னால் உள்ள இடைவெளியைக் கடந்து, எதிர் ஃப்ளாட்டின் மிதியடியை நனைத்து, கதவுக்கு அடியில் புகுந்துவிட்டது.

"ஐயையோ அப்பா!" என்று ஷெரின் துடைப்பம் தேட ஓடினாள்.

எதிர்க் கதவு திறந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் மாப்புக்குச்சியோடு, கொஞ்சமும் கோபமில்லாமல் நின்றாள். "புதுசாக் குடி வாரீங்களா? தண்ணி வந்ததுமே நெனச்சேன். வாங்க, வாங்க" என்றாள்.

அவள் பெயர் நூர்னிசா. கணவர் அல்லா பிச்சை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் இஞ்சி டீ இருந்தது. பரிபூரணத்துக்கும் அவளுக்கும் பத்து வருடப் பழக்கம் போல ஒட்டிக்கொண்டது.

"முன்னால இருந்த டீச்சர் ரொம்ப நல்லவங்க அக்கா. நாளைக்கு வீடு கழுவப் போறேன்னா இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிருவாங்க. நான் மிதியடியை எடுத்து மேல போட்டுட்டு, மாப்போட வாசல்ல ரெடியா நிப்பேன். பழகிருச்சு."

"எத்தன வருசமா?" என்று கேட்டாள் ஷெரின்.

"கட்டுனதுல இருந்து இப்படித்தான் கண்ணு."

டீ குடித்து முடித்ததும் எல்லோரும் சோலைராஜைப் பார்த்தார்கள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் சிவகாசியில் பரிபூரணத்தின் தம்பி வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபம் வைத்திருந்தான். சர்ச்சு ஐயர் ஜெபம் முடித்து ஆமென் சொன்ன அடுத்த நிமிடம், அத்தனை பேர் முன்னாலும், "மாப்ள, பாத்ரூம்ல வாட்டம் அரை இஞ்சு தப்பிருச்சே" என்றார் சோலைராஜ். அவன் ஆறு மாதம் அக்காளோடுகூடப் பேசவில்லை. தளத்துக் குறையை மறைக்கத் தெரியாத மனிதர் அவர். பெற்ற தாய் வீடாக இருந்தாலும் சொல்லிவிடுவார்.

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லேசான குறைதான். சமாளிச்சுக்கலாம். நல்ல ஃப்ளாட்டு" என்றார்.

பரிபூரணத்தின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் மறைத்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, நூர்னிசாவின் நம்பரைப் போனில் பதிந்துகொண்டு, "செரி, அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பாத்துருவோம்" என்றாள்.

மடவார் வளாகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பின்புறம் இரண்டு தெரு தள்ளி வீடு. சொந்தக்காரர் சௌந்தரபாண்டியன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டில் மகனோடு இருக்கிறார். பேச்சில் இன்னும் விசில் ஊதுகிற அவசரம்.

"உள்ள போங்க, உள்ள போங்க. முன்னால போனாத்தான் பின்னால வாரவங்களுக்கு எடம் கெடைக்கும்."

சோலைராஜ் சுவரைத் தட்டினார். கணீரென்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் அப்படியே. சாவியால் கீறினார், சாவிதான் தேய்ந்தது.

"முப்பது வருசமாச்சு. பூசுன பொறவு பதினாலு நாளு நானே நின்னு தண்ணி அடிச்சேன், லீவு போட்டு" என்றார் சௌந்தரபாண்டியன்.

பதினாலு நாள் லீவு போட்டு க்யூரிங் செய்த மனிதரை வேறு எந்தச் சமயத்திலாவது பார்த்திருந்தால் சோலைராஜ் கட்டிப்பிடித்திருப்பார். இப்போது, "அப்படியா" என்று மட்டும் சொன்னார். பிறகு வாளியைக் கேட்டார்.

"எம்புட்டு வேணும்னாலும் ஊத்துங்க. குழாய்த் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது. ஆனா போர் இருக்கு, கவலையில்ல."

ஹாலில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணமும் யோசிக்காமல் நேராகப் போய் வாசல் ஓரத்து ஓட்டையில் இறங்கிவிட்டது. சோலைராஜ் அதை நம்பவில்லை. இரண்டாவது வாளியைப் பின்னறையில் ஊற்றினார். எங்கேயாவது தப்பிப் போய்த் தொலை என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். அதுவும் சொன்ன சொல் கேட்டுப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வாளி சமையல்கட்டில். அங்கே தண்ணீர் போன வேகத்தைப் பார்த்து, லேபில் முப்பது வருடம் இருந்தவர் என்ற முறையில் அவருக்குச் சந்தோஷமும், சோலைராஜ் என்ற முறையில் துக்கமும் ஒன்றாக வந்தன.

மொட்டைமாடிக்குப் போயிருந்த ஷெரின், பக்கத்து வீட்டு மாடியில் விசாரித்துவிட்டுத் தடதடவென்று இறங்கி வந்தாள். "அப்பா, காலேஜ் பஸ்ஸு தெருமுனையில நிக்குமாம். ஏழே முக்காலுக்குத்தானாம்! நான் ஆறரை வரைக்கும் தூங்கலாம்!"

பத்தொன்பது வயதுப் பிள்ளை, படிப்பைப் பற்றியோ மாடியைப் பற்றியோ சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றிச் சொன்னாள். கண்ணுக்குக் கீழே ஒரு வருடத்துக் கறுப்பு அப்படியே இருந்தது. ராஜபாளையத்திலிருந்து என்றால் அவள் ஐந்தரைக்கு எழுந்திருக்கவேண்டும். இது சோலைராஜுக்குத் தெரியாதா? நான்கு நாளாகக் கணக்குப் போட்டவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தளத்தைப் பற்றிப் பொய் சொன்னோமே என்று நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

"நல்ல வீடு. ஒரு குறையும் கிடையாது. இதையே முடிச்சிருவோம்" என்றார்.

பாண்டி வாயெல்லாம் பல்லானான். பரிபூரணம் மட்டும் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்பச் சந்தோசம்" என்றார் சௌந்தரபாண்டியன். "எந்த ஊர்ன்னு சொன்னீய? ஆலங்குளமா! அந்த ரூட்ல நான் ஒம்பது வருசம் ஓடிருக்கேன்லா. ராஜபாளையத்துல இருந்து ராத்திரி கடைசி வண்டி எட்டு அஞ்சு."

"எட்டு அஞ்சுன்னு போர்டுலதான் இருக்கு" என்றார் சோலைராஜ். "எடுக்கது எட்டே கால். வியாழக்கிழமை எட்டு இருபதே ஆயிருச்சு. இங்க ஏழு பத்து வண்டியப் பிடிச்சா ஏழு நாப்பதுக்கு இறங்கிரலாம். அதுக்கு அடுத்த வண்டிய மட்டும் நம்பக்கூடாது, வழியில போட்டுப் படுத்துருவான். நாலு நாளாப் பாத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு உறைத்தது.

"எந்த நாலு நாளு?" என்றாள் பரிபூரணம்.

சோலைராஜ் வாளியைப் பார்த்தார்.

"ஓவர்டைம்னு சொன்னீங்களே, அந்த நாலு நாளா?"

பாண்டி மெதுவாக நழுவிக் கேட் பக்கம் போனான். தொழிலில் அவனுக்கு அது தெரியும்: புருஷன் பெண்டாட்டி பேச்சு ஆரம்பித்தால் புரோக்கர் வெளியே நிற்கவேண்டும்.

"அங்க ஃப்ளாட்டுல தண்ணி அடுத்த வீட்டுக்குள்ள ஓடுச்சு. அதப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க. என் தம்பி வீட்டுல அரை இஞ்சுக்கு அம்புட்டுப் பேச்சுப் பேசுன மனுசன். அப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவியளுக்குத் தளம் இல்ல பிரச்சினைன்னு. என்னன்னு வாயத் திறந்து சொல்லுங்க."

சோலைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துட்டா, நான் சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு எங்க போவேன்? க்யூபு உடைஞ்ச கதைய சுவத்துட்டயா சொல்ல? ராஜபாளையம்னா ஒரு பஸ்ஸு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுத் திரும்பிரலாம். அதான்… வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொன்னதும் ஷெரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அப்ப ஃப்ளாட்டுக்கே போயிருவோம்ப்பா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. லிஃப்ட் வேற இருக்கு."

"ஏட்டி, சும்மா கெட" என்று உடனே சீறினார் சோலைராஜ். "வாட்டம் தப்புன வீட்டுல மூணு வருசம் எம்பிள்ள இருக்கதா? வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்லுவா? அந்த நூர்னிசாதான் பாவம், இன்னும் எத்தன வருசம் மாப்போட நிக்கும்!"

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் தன்னைப் பற்றி இருபத்தெட்டாம் நாள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, இன்றைக்குத்தான் இரண்டாவது சொல் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அதுவும் பெயரைச் சொல்லாமல்.

இந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற சௌந்தரபாண்டியன், கண்டக்டர் புத்திப்படி ஆள் கணக்கைக் கேட்டார். "அப்போ… மொத்தம் எத்தன பேரு தங்குவீய? ஒத்திப் பத்திரத்துல எழுதணும்."

"மூணு பேரு" என்றாள் பரிபூரணம்.

"இல்ல, நான் குவார்ட்டர்ஸ்ல…" என்று ஆரம்பித்தார் சோலைராஜ்.

"மூணு பேருன்னு எழுதுங்க அண்ணாச்சி" என்று சௌந்தரபாண்டியனிடம் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "ராத்திரி ஷிப்ட் வாரம் காலைல நேரா இங்க வாங்க. பகல் பூரா தூங்கிட்டு ஏழு பத்து வண்டியில போங்க. காலை ஷிப்ட் வாரம் சாயங்காலம் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. மத்தியான ஷிப்ட்டுன்னா காலைல வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு ஓடுங்க. குவார்ட்டர்ஸு உங்களுக்குப் படுக்கத்தான். வீடு இதுதான். ஒரு பஸ்ஸா இருந்தா என்ன, ரெண்டு பஸ்ஸா இருந்தா என்ன, மனுசன் வீட்டுக்குத்தான வரணும்?"

"கடைசி வண்டிய விட்டுட்டா?" என்றார் சோலைராஜ்.

"விட்டா என்ன? திரும்பி வாங்க. பாய் இருக்கு."

இருபத்தெட்டு நாள் சோதிக்கவேண்டிய விஷயம்தான். இருந்தாலும் சோலைராஜ் அன்றைக்கு அந்த இடத்திலேயே நம்பிவிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் குடி வந்தார்கள். ஐயர் வந்து ஜெபம் செய்தார். பால் காய்ச்சினார்கள், பொங்கி அடுப்பில் வழிந்த பால் மேடையிலிருந்து தரையில் சொட்டி, சமையல்கட்டு ஓட்டையை நோக்கி நேராகப் போனதைச் சோலைராஜ் மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஷெரின் அவர் கையைக் கிள்ளினாள். ராஜபாளையத்திலிருந்து நூர்னிசாவும் வந்திருந்தாள். கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் வாளியைப் பரிசாகக் கொண்டு வந்து, "அண்ணனுக்கு உபயோகப்படும்" என்று கொடுத்தாள். வீடே சிரித்தது. சோலைராஜ் வாளியின் அடியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அந்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்ட். ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளே தையல் மெஷின் புது இடத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. ஷெரின் படுத்துக்கொண்டு படிக்கிறேன் என்று சொல்லித் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. சிவகிரிக் கண்டக்டரை அப்போதுதான் அவர் மன்னித்தார்.

மெஷின் நின்றது. பரிபூரணம் எழுந்து வந்தாள். சௌந்தரபாண்டியன் கொடுத்தது இரண்டே சாவிகள். அதில் ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? உனக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு…"

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கோம், எங்களுக்கு ஒண்ணு போதும். நேரங்கெட்ட நேரத்துல தனியா வாரவிய நீங்கதான். கதவத் தட்டிக்கிட்டு நிக்காம திறந்து உள்ள வாங்க."

வாழ்நாள் முழுதும் எதையாவது தட்டிக்கொண்டிருந்த மனிதர் அந்தச் சாவியைத் தட்டிப் பார்க்காமலே கையில் மூடிக்கொண்டார். குவார்ட்டர்ஸ் சாவி தொங்கிய வளையத்தில் இந்தச் சாவியையும் கோத்தார். பிறகு நினைவு வந்தவராக, "மத்தியானம் லேப்ல இருந்து போன் பண்ணாங்க. இன்னைக்கு ஏழாம் நாள் க்யூபு நாப்பது தாங்கிருச்சாம்" என்றார்.

"அப்படியா" என்றாள் பரிபூரணம்.

சோலைராஜ் தெருமுனையைத் தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்து நின்றார். ஏழு பத்து வண்டி அன்றைக்கு ஏழு பத்துக்கே வந்தது.